இரவல்

ஒரு மீற்றர் அகலம் என் ஒழுங்கை.
இரு பக்கமும் சிவப்புத் தலைத் தடிகள்.
முழங்காலில் நின்று கருவியை
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்.
ஆணிக்கும் கத்தும், சன்னத்துக்கும் கத்தும்,
சோடா மூடிக்கும் அதே கத்தல்தான்.
ஒலுமடு மண்ணுக்கு விழுங்கத் தெரியும்,
செரிக்கத் தெரியாது.

இன்று கத்தியது வேறு மாதிரி.
அகலமாக,
எந்தப் பக்கம் நகர்த்தினாலும் விடாமல்.
மேற்பார்வை யூஜினி கையை உயர்த்தி
மற்றவர்களைப் பின்னுக்கு அனுப்பினாள்.
கூர்க்கம்பியைச் சரித்து
விரல் விரலாக மண் எடுத்தேன்.
பச்சை தெரிந்தது.
பச்சையைக் கண்டால் நாங்கள் மூச்சை நிறுத்துவோம்.

களிம்பு.

லியாங்கின் நினைவு வந்தது.
வீதி போட வந்த சீனக் கம்பனியில் நில அளவைக்காரன்.
மாங்குளம் சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒருநாள்
கைபேசியில் படம் காட்டினான்:
மூன்று காலில் நிற்கும் வெண்கலப் பானை,
காது இரண்டு, வயிற்றில் ஒரு பூத முகம்.
கண் உண்டு, மூக்கு உண்டு, கீழ்த்தாடை இல்லை.
அவனுக்கு அரைச் சிங்களம், எனக்கு அரைச் சிங்களம்.
அந்த ஒரு முழுச் சிங்களத்தில் கதைத்தோம்.

அவன் ஊர்ப் பக்கம் தோட்டம் கொத்தினால் இது வருமாம்.
செத்த பாட்டன்மாருக்குச் சோறும் மதுவும் படைத்த ஏனம்.
மேற்கிலிருந்து படை வந்தபோது
பெரிய வீட்டுக்காரர் குழி வெட்டி
பெரியதற்குள் சிறியதை அடுக்கி மூடிவிட்டுக்
கிழக்கே போனார்களாம்.
எத்தனை நாளில் திரும்பலாம் என்று போனவை?
தோளைக் குலுக்கினான்.
இரண்டாயிரத்து எழுநூறு வருசம் கிடந்ததாம்.
நான் சொன்னேன்: ஒரு கிழமை.
ஒரு கிழமை என்றுதான் சொல்லியிருப்பினம்.

எழுத்து உள்வயிற்றில் இருக்குமாம்,
சோறு போட்டால் மறைகிற இடத்தில்.
வாசிக்க வேண்டியவர்கள் செத்தவர்கள்,
மற்றது, இன்னும் பிறக்காதவர்கள்.
"மகன் மகன், பேரன் பேரன்,
என்றென்றும் வைத்துப் பாவி."
பாவி.
தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
நல்லாய் இல்லை.
வேறு சொல்லும் வாயில் வரவில்லை.

எங்கள் எழுத்து வெளியே, விளிம்பில்.
கலியாண வீட்டுக்குப் போனது
மாறுப்படாமல் திரும்பவேண்டும் என்று
தலைப்பெழுத்தும் பெயரும் ஊரும் வெட்டுவோம்.
பரம்பரை வாசிக்க அல்ல,
பக்கத்து வீட்டுக்காரி வாசிக்க.

பத்தரைக்குத் தொட்டது
ஒன்றேகாலுக்கு முழுதாக வெளியே வந்தது.
கிடாரம்.
வாயைத் தாம்பாளம் மூடியிருந்தது.
உள்ளே சருவச்சட்டி, அதற்குள் செம்பு,
செம்புக்குள் மூக்குப்பேணி,
மூக்குப்பேணிக்குள் காய்ந்த தேள் ஒன்று,
அது மட்டும் பிறகு குடிவந்தது.
விளிம்பில் வெட்டு:
ச. தவமணிநாயகம், பனிக்கன்குளம்.

"விதானையிட்டைக் கேட்டால் ஆளைப் பிடிக்கலாம்,"
என்றாள் யூஜினி.
உள்வயிற்றைத் துணியால் துடைத்தேன்.
துணி நின்றது.
ஆணியால் கீறிய வரிகள், கோணலாக,
கடைசி எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி:

இது எங்கட இல்லை
சாமத்திய வீட்டுக்கு வாங்கினது
அவையிட்டைக் குடுத்துவிடவும்

கீறினவரின் பெயர் இல்லை.
செல் கூவிக்கொண்டு வரும் வளவில்
ஒரு ஆணி தேடி,
கிடாரத்துக்குள் தலையை விட்டுக்
குந்தியிருந்து எழுதியிருக்கிறார்.
தன்னுடைய ஏனங்களை எங்கே தாட்டார்?
தாட்டாரா?
சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு
இப்ப எத்தனை வயசு?
கருவி இதற்கெல்லாம் கத்தாது.

பின்னேரப் படிவத்தில் மூன்று கட்டம்:
கண்ணிவெடி. வெடிக்காத பொருள். கழிவு உலோகம்.
"எதில போடுறது?" யூஜினி பேனையோடு நின்றாள்.
வாங்கி, கோட்டுக்கு வெளியே
வெள்ளை ஓரத்தில் எழுதினேன்:
இரவல்.
அவள் வாசித்தாள், ஒன்றும் சொல்லவில்லை,
நிறையை மட்டும் கேட்டாள்.
பதினொரு கிலோ, மண்ணோடு.

லியாங் இப்போது எந்த நாட்டு வீதியில் நிற்கிறானோ.
படம் அனுப்ப இலக்கம் இல்லை.
எனக்கு இந்தக் கிழமை
இன்னும் நாற்பது மீற்றர் கிடக்கிறது.